தண்ணி லாரியைப் பார்த்துப் போட்ட எட்டு

“அண்ணாத்தே, ஸ்டாண்டு!”

சாலையில் எங்காவது ஒரு குரல் இப்படிக் கத்தினால் என் இடது குதிகால் தானாகப் பின்னுக்கு உதைக்கிறது. நடந்துகொண்டிருந்தாலும் உதைக்கிறது. போன வாரம் ஆவடி மார்க்கெட்டில் கையில் கீரைக்கட்டோடு அப்படி உதைத்து, பின்னால் வந்த ஒருவரின் வெள்ளை வேட்டியில் சேற்று முத்திரை குத்தினேன். அவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கு எந்தப் பக்கமும் ஸ்கூட்டர் இல்லை என்பதையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தேன். மனைவியை ரயிலேற்றிய வருடத்துக் கோடை முழுக்க அந்த ஒரு உதையில் திரும்பி வந்துவிட்டது.

இந்த ஊரின் ஆகப் பெரிய பொதுச்சேவை இதுதான். எதிர் பிளாட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பத்து வருடமாகத் தெரியாதவர்கூட, முன்னால் போகிற வண்டியின் சைடு ஸ்டாண்டு தொங்கினால் மூன்று சிக்னல் துரத்தி வந்து சொல்லிவிட்டுப் போவார். துப்பட்டா சக்கரத்தை நெருங்கினால் சொல்வார். டிக்கி திறந்திருந்தால் சொல்வார். பகலில் விளக்கு எரிந்தால் ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டுவார். அணைக்கவே முடியாத விளக்கோடு வருகிற புது வண்டிக்காரனுக்கும் காட்டுவார். ஆனால், “நல்லா ஓட்டுறீங்க சார்” என்று சொல்ல எவரும் எவரையும் துரத்தி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தப்புக்கு ஊரே வாத்தியார். சரியாகச் செய்தவனுக்குக் கிடைப்பது மௌனம்.

இந்த மௌனத்தை வாங்க நான் நாற்பத்தேழு வயதில் கிளம்பினேன்.

அதுவரை நான் பின்சீட்டு ஆள். வெள்ளானூரில் எங்கள் வீட்டிலிருந்து அண்ணனூர் ஸ்டேஷன் வரை, காய்கறிக்கு, கல்யாணத்துக்கு, காய்ச்சலுக்கு, எல்லாவற்றுக்கும் மனைவி ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து மேகம் பார்ப்பேன். சில நல்ல வரிகள் அங்கேதான் பிறந்தன. சிக்னலில் நிற்கிறவர்கள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கால் கையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று இன்னொருமுறை பார்ப்பார்கள். இருபது வருடத்தில் அதுவும் பழகிவிட்டது.

காரணம் ஒரு மொபெட். பத்தொன்பது வயதில், ஊரில், நண்பனின் மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்தேன். முழங்கால் தண்ணீர், ஒரு கீறல்கூட இல்லை. கரையில் நாலு பேர் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் என் மூளை அந்த ஒரு நாளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டது. பயந்து ஒதுங்குகிறவனுக்கு ஒரு விசேஷ வசதி உண்டு: அந்தப் பயம் பொய்யென்று தெரிந்துகொள்ள அவனுக்குச் சந்தர்ப்பமே வராது. வண்டியைத் தொட்டால்தானே விழவில்லை என்று தெரியும்? நான் தொடவில்லை. ஒரே ஒரு பிழையை வைத்து இருபத்தெட்டு வருடம் ஓட்டினேன். நான் ஓட்டியது அது ஒன்றைத்தான்.

அந்த மார்ச் மாதம் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. திருநெல்வேலி. இரண்டு வருடம். ஆறு வருடத்துக்கு முன்னாலும் இப்படி ஒன்று வந்து, அவள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதியிருந்தாள். அந்தக் குடும்பச் சூழ்நிலை நான்தான். இன்னொருமுறை மறுத்தால் மூன்றாம்முறை கேட்கமாட்டார்கள்.

“ஆட்டோவுல போய்ப்பேன்” என்றேன்.

“எந்த ஆட்டோ? நம்ம லேஅவுட் பேரைக் கேட்டதும் கேன்சல் பண்றானே, அந்த ஆட்டோவா?”

“பஸ்ஸு.”

“அது ஒண்ணு ஓடுது. அதையும் நீங்க மேகம் பார்த்துக்கிட்டே விட்டுருவீங்க.” அவள் ஆர்டரை மடித்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். “மே கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நீங்க எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிட்டா நான் போறேன். இல்லன்னா பழைய சூழ்நிலையே எழுதிக் குடுத்துடுறேன்.”

எட்டு என்றால், வெள்ளைக் கோட்டில் எட்டு வடிவத்தில் வண்டியை வளைத்து ஓட்ட வேண்டும். கால் தரையில் படக்கூடாது. பட்டால் போச்சு. அரசாங்கம் உங்களிடம் கேட்பது இந்த ஒரு எண்ணைத்தான். அம்பத்தூரிலோ ஆவடியிலோ வாழ்நாளில் எவருக்கும் எட்டு வடிவத்தில் எங்கும் போகவேண்டி வருவதில்லை. குழிகளைச் சுற்றிப் போவதைக் கணக்கில் எடுத்தால் எண் இன்னும் சிக்கலானது.

இதில் ஒரு வேடிக்கை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் பயிற்சிப் பாடங்கள் எழுதிப் பிழைக்கிறவன். கவிதையென்று நான் சொல்லிக்கொள்வதை எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை. அந்த மாதம் எனக்கு வந்த தலைப்பு: மூளை பிழையிலிருந்தும் பரிசிலிருந்தும் எப்படிக் கற்கிறது, முடிவுகளை எப்படி எடுக்கிறது. நாற்பது ஸ்லைடு. படித்தேன், எழுதினேன், படமெல்லாம் வைத்தேன். மூளை ஓயாமல் பந்தயம் கட்டுகிறது. அது நினைத்ததைவிட நல்லது நடந்தால் உள்ளே டோபமின் ஊறும். நினைத்தபடியே நடந்தால் ஒன்றும் ஆகாது. குறைவாக நடந்தால் ஊறுவது வற்றும். நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் பாடம். உதாரணத்துக்கு எஸ்டேட் டீக்கடை வடையை வைத்தேன். முதல் நாள் எதிர்பாராமல் சூடான வடை கிடைத்தால் மூளை கொண்டாடும். பத்தாம் நாள் வடை அதே சூட்டில் இருக்கும், மூளை செல்போன் பார்க்கும். பதினோராம் நாள் வடை ஆறியிருந்தால் கடையையே மாற்றும். மேலதிகாரி வடை ஸ்லைடை ரசித்துவிட்டு, அதை பீட்சா ஆக்கச் சொன்னார்.

வாரநாட்களில் இதை ஊருக்குப் போதித்தேன். சனி ஞாயிறு காலை ஆறு மணிக்கு, விற்காத மனைகளுக்கு நடுவே ஒரு பொட்டலில், காலை ஊன்றினேன்.

சொல்லிக்கொடுத்தது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரு பெண்மணி. வெள்ளானூரிலேயே பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, கழுத்தில் விசில். நாங்கள் பேசிக்கொண்ட முதல் விஷயமே மண்ணைப் பற்றித்தான்.

“இந்த எடத்துல எங்கம்மா நாத்து நட்டுச்சு சார். இப்ப நா ஐ.டி. காரங்கள நட்டுகினு கீறேன். சில பேரு நட்ட எடத்துலயே நின்னுர்றாங்க.”

“நான் ஐ.டி. இல்ல மேடம். எழுதுறவன்.”

“அப்ப இன்னும் லேட்டா மொளைக்கும்.”

தரையில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு போட்டிருந்தார். வண்டியில் ஏற்றி, “கால மறந்துரு சார். உனக்குக் காலே இல்ல, சரியா? கோட்டப் பாக்காத. போவேண்டிய எடத்தப் பாரு” என்றார். நான் என் முன்சக்கரத்தைப் பார்த்தேன். விழுந்தேன். எழுந்தேன். அவர் திட்டவே இல்லை. ஒவ்வொரு தடவை ஓரங்குலம் கூடுதலாக வளைந்ததும், “சூப்பர் சார்!” என்று ஒரு விசில். நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்கு யார் விசில் அடிக்கிறார்கள்? முதல் வாரம் அந்த விசிலுக்காக நான் கவிதையைக்கூட விட்டிருப்பேன்.

மூன்றாம் வாரம் முழு எட்டு வந்தது. விசில் வரவில்லை. இன்னொரு எட்டு. வரவில்லை. அந்த ஏமாற்றத்தில் மூன்றாவது எட்டின் இடுப்பில் விழுந்தேன்.

“இன்னா சார் ஆச்சு?”

“நீங்க சூப்பர் சொல்லலையே.”

“எட்டு போட்டா சூப்பரா? டெய்லி சோறு துன்றியே, ஊட்டுல கை தட்டுறாங்களா?”

நினைத்தபடியே நடந்தால் ஒன்றும் ஊறாது என்ற என் பதினேழாவது ஸ்லைடை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு இரண்டு பத்தியும் ஒரு வரைபடமும் தேவைப்பட்டன.

ஏப்ரல் கடைசியில் நான் பொட்டலில் தொடர்ந்து முப்பது எட்டு போட்டேன், கால் படாமல். மனைவி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தாள். பெட்டியின் தூசி வாசனை கூடத்துக்கு வந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது எட்டு போட்டவனுக்கு ஏன் பசிக்கவில்லை என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தேர்வு நாள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம், வரிசையில் நாற்பது பேர், எல்லோரும் என் மகனாகவோ மருமகளாகவோ இருக்கக்கூடிய வயது. பிரேக் இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வேலியோரம் நின்றாள். நான் கிளம்பினேன். முதல் வளைவு நன்றாக வந்தது. நடு வந்தது. இரண்டாம் வளைவு எங்கே தொடங்குகிறது? கோடு தெரிகிறது, கை தெரிகிறது, ஆனால் எப்போது திருப்ப வேண்டும் என்ற அந்த ‘இப்போ’ மட்டும் வரவில்லை. காத்திருந்தேன். எட்டு ஏழாகி, ஏழு ஒன்றாகி, நேராக வேலியை நோக்கிப் போய், என் மனைவியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கால் இறங்கியது.

“அடுத்தது” என்றார் இன்ஸ்பெக்டர், தலை நிமிராமல். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. காலை மட்டும் பார்த்துவிட்டார்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள், நான் பின்னால். அன்று மேகமே இல்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

“வேணும்னேதானே காலை ஊனினீங்க?”

“சத்தியமா இல்ல.”

“முப்பது எட்டு போட்டீங்க. நான் பார்த்தேன்.”

மின்சார ரயில் கடந்து கேட் திறந்ததும் அவள் வண்டியைக் கிளப்பினாள். ‘சத்தியமா இல்ல’ என்று வாய் சொல்லிவிட்டதே தவிர, உள்ளே அந்தக் கேள்வி இறங்கிக்கொண்டே இருந்தது. மூளை பரிசை நோக்கிப் போகிறது என்று நாற்பது ஸ்லைடு எழுதினேன். எட்டு போட்டால் எனக்குக் கிடைக்கிற பரிசு என்ன? ஆளில்லாத ஒரு வீடு. அதற்கு ஒரு சாவி, ஒரு ஸ்கூட்டர். மூளைக்குள் உட்கார்ந்து கோப்புப் பார்க்கிற குமாஸ்தா ஒருவன் என்னைக் கேட்காமல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டானோ? மறுதேர்வு மே மூன்றாம் வாரம். அதிலும் கால் இறங்கினால், ஃபிரிட்ஜின் மேலிருக்கிற காகிதத்தில் நான் இரண்டாம் தடவை காரணமாவேன்.

சனிக்கிழமை பொட்டலுக்குப் போனேன். ஏறினேன், போட்டேன்: அச்சில் வார்த்த மாதிரி எட்டு. இன்னொன்று. இன்னொன்று. டிரைவிங் மேடம் இடுப்பில் கைவைத்து என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். நான் பார்க்கிற திக்கைப் பார்த்தார். பிறகு பொட்டலின் ஓரத்துக்கு நடந்தார்.

அங்கே ஒரு தண்ணி லாரி. எப்போதும் அங்கேதான் நிற்கும். சனி ஞாயிறு காலையில் பக்கத்து அடுக்குமாடிக்குத் தண்ணீர் இறக்க வந்து, தன் முறை வரும்வரை ஒழுகிக்கொண்டே நிற்கும். டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மேடம் கதவைத் தட்டினார்.

“அண்ணாத்தே! வண்டிய கொஞ்சம் அந்தாண்ட போடு.”

“இன்னாத்துக்கு? நா இன்னா உன் கோட்டு மேலயா நிக்கிறேன்?”

“சொம்மா எடு மாமே. ஒரு டவுட்டு.”

லாரி இருமிக்கொண்டே கோடி மனைக்கு நகர்ந்தது. நின்ற இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. “இப்ப போடு சார்” என்றார்.

முதல் வளைவு. நடு. இரண்டாம் வளைவு எங்கே? காத்திருந்தேன். வண்டி நேராகப் போய்க் காட்டாமணக்குப் புதரில் மூக்கை நுழைத்தது.

மேடம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். புதருக்குள்ளிருந்த எனக்கே கேட்கிற சிரிப்பு. “நைனா! நீ எட்டு போடல. ரெண்டு மாசமா தண்ணி லாரிக்கு சலாம் போட்டுகினு கீற!”

லாரியின் பின்பக்கம் ‘குடிநீர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்தக் ‘கு’ என் கண்ணின் ஓரத்தில் வந்ததும் கை திரும்பியிருக்கிறது, விசில் வந்திருக்கிறது, திரும்பியது ‘கு’வைப் பார்த்துத்தான் என்று எனக்குச் சொல்லாமலே மூளை பரிசை லாரியின் பெயரில் வரவு வைத்துவிட்டது. நான் இடுப்பு, பார்வை, சமநிலை என்றெல்லாம் டைரியில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பத்தி தியானத்தைப் பற்றியே இருந்தது.

“சார், நீ ஒரே எடத்துல கரெக்ட்டு பண்ணிகினே இருந்தா எது கரெக்ட்டுன்னே தெரியாது” என்றார் மேடம், சுண்ணாம்பு எட்டைச் செருப்பால் தேய்த்து அழித்துக்கொண்டே. “தப்பு பண்ணு. ஆனா ஒரே தப்பப் பண்ணாத. தெனிக்கும் புச்சா ஒரு தப்பு பண்ணு.”

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்க மனைவியிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆக, லாரி மேல பழியப் போட்டாச்சு.”

“நிஜமாவே லாரிதான். மேடத்தைக் கேளு.”

“கேக்குறேன். லாரி இல்லன்னா?”

“இல்லன்னா என்ன?”

“லாரி இல்லன்னாலும் காலை ஊனியிருப்பீங்களா மாட்டீங்களா?”

வெண்டைக்காயின் காம்புகள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டிருந்தன. பொய் சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு. ஆதாரத்தோடு ஒரு லாரியே கைவசம் இருந்தது.

“தெரியல” என்றேன். “பெட்டியத் துடைச்சியே, அன்னிலேருந்து எனக்குச் சரியா பசிக்கல.”

அவள் கத்தியை வைத்தாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள். “பின்னாடி ஆளில்லாம நான் வண்டி ஓட்டியே நாளாச்சு. போன வாரம் தனியா போறேன், பள்ளம் வந்ததும், ‘பிடிச்சுக்கோங்க’ன்னு வாய் சொல்லுது. பக்கத்து வண்டிக்காரன் கம்பியப் பிடிச்சுக்கிட்டான்.” சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “ஆனா நான் போகணும். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே போயிருக்கணும்.”

மறுநாளிலிருந்து தினமும் காலையில் நான் புதிய தப்புகளைப் பண்ணப் போனேன். மேடம் ஒவ்வொரு நாளும் வேறு மனையில், வேறு திசையில் கோடு போட்டார். ஒருநாள் கோடே போடாமல் இரண்டு செங்கல்லை வைத்தார். ஒருநாள் நான் வளையும்போது பக்கத்தில் ஓடிக்கொண்டே என் பிளாட்டின் சதுர அடி எவ்வளவு, கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று விசாரித்தார். பதில் சொன்னால் விழுந்தேன், சொல்லாவிட்டால் திட்டினார். ஒரு மாடு வந்து எட்டின் கழுத்தில் படுத்துக்கொண்ட அன்று, அதைச் சுற்றிக் கால் படாமல் வந்தேன். விசில் வந்தது. எதிர்பார்க்கவே இல்லை. உடம்பு முழுக்க ஊறியது.

மே மூன்றாம் வாரம் அதே மைதானம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. முதல் வளைவு. நடு. இரண்டாம் வளைவுக்கு நான் எதற்காகவும் காத்திருக்கவில்லை. கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றேன். ஒரு எட்டின் மொத்தப் பயணமும் அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர், “ம்” என்றார்.

அந்த ‘ம்’மை நான் வீடு வரை நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றிரவு ஃபிரிட்ஜின் மேலிருந்த காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். நான்தான் பேனா எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது குமாஸ்தா உள்ளே ஏதோ முணுமுணுத்தான். இந்தத் தடவை அவனைக் கேட்காமல் கொடுத்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு. மதியம் எழும்பூரில் ரயில். அண்ணனூரிலிருந்து லோக்கலில் போய்க்கொள்கிறேன், ஸ்டேஷன் வரை நீங்களே கொண்டுவிடுங்கள் என்றாள். முன்னால் கால் வைக்கிற இடத்தில் பெட்டி, அதன் மேல் என் முழங்கால், பின்னால் அவள். இருபது வருடத்தில் முதல்முறையாக அவள் பின்னால். பள்ளம் வந்தது. “பிடிச்சுக்கோ” என்றேன். பிடித்துக்கொண்டாள். வெள்ளானூரிலிருந்து ஸ்டேஷன் வரை எங்களை எவரும் துரத்தவில்லை, கை காட்டவில்லை, கத்தவில்லை. பிழையே இல்லாத பயணம். ஊர் மொத்தமும் எனக்கு மௌனத்தைப் பரிசாகக் கொடுத்தது. நான் எதிர்பார்த்தது அதுதான். கிடைத்தபோது ஒன்றும் ஊறவில்லை.

ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்த இடமில்லை. பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. பெட்டியை இறக்கிக்கொண்டு, “உள்ள வரவேணாம், நீங்க கிளம்புங்க. பால் வாங்கிட்டுப் போங்க” என்றாள். படி ஏறினாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். நாலடி நகர்ந்திருப்பேன்.

“ஏங்க! ஸ்டாண்டு!”

திரும்பினேன். நாலாவது படியில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை உயர்த்தியபடி நின்றாள். நான் குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டு மேலேதான் இருந்தது. அதை நான் இறக்கவே இல்லை.

இடது குதிகாலால் வெறும் காற்றை ஒருமுறை உதைத்தேன்.

“நல்லவேளை, சொன்னே!” என்று கத்தினேன்.